ஆ காட்டு, கண்ணு!

அரிச்சுவடியில் முதல் எழுத்து ‘அ’ என்று வாத்தியார்கள் சொல்லுகிறார்கள். அது பள்ளிக்கூடத்து அரிச்சுவடி. இடுப்பில் குழந்தையும் கையில் கிண்ணமுமாக வாசலில் வந்து நிற்கிறாளே, அவளுடைய அரிச்சுவடியில் முதல் எழுத்து ‘ஆ’தான். காக்காயைக் காட்டி, நிலாவைக் காட்டி, தெருவோடு போகிற மாட்டைக் காட்டி, “ஆ காட்டு, கண்ணு” என்கிறாள். குழந்தை வாயைத் திறக்கிறது. பருப்பு சாதம் உள்ளே போகிறது. மனித வம்சம் இத்தனை காலம் பிழைத்து வந்ததே இந்த ஓர் எழுத்தினால்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த எழுத்தைச் சொல்ல முடியாத ஒரு குழந்தையை மூன்று வருஷங்களுக்கு முன்பு தாம்பரத்தில் ரயில் ஏறியபோது பார்த்தேன்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அன்றைக்கு அது மீட்டர் கேஜ். இப்போது பாதையும் அகலம், வண்டியும் அகலம். உட்கார இடம் மட்டும் அன்று போலவே இன்றும் இல்லை. நான் ஒரு ஜன்னலோரம் இடம் பிடித்தபோது, கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு தாயும் பெண்ணும் எதிரே இருந்தார்கள். பெண்ணுக்கு ஏழு வயசிருக்கும். மோவாய் என்று சொல்லத்தக்கது அவளுக்கு அநேகமாக இல்லை. கீழுதட்டிலிருந்து கழுத்துக்கு ஒரே சரிவு. கண்கள் மட்டும் பெரியவை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன.

கொய்யாப்பழம் வந்தது. நான் இரண்டு வாங்கி, மிளகாய்ப்பொடி தூவி, ஒன்றை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் சாப்பிடவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பேர் என்ன, பாப்பா?” என்றேன். பல்லை இறுக்கிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். எனக்குப் புரியவில்லை. கதை எழுதுகிறவனுக்கு வாய்க் கொழுப்பு கொஞ்சம் அதிகம். “ஏன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ?” என்று கேட்டுவிட்டேன்.

தாய் கோபித்துக்கொள்ளவில்லை. எத்தனையோ பேர் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன குரலில், “அதுக்கு வாய் தொறக்காதுங்க சார். பூட்டிக்கிச்சு” என்றாள்.

அவமானத்தினால் நான் அன்றைக்குக் குரோம்பேட்டை வரை தலை நிமிரவில்லை. பிறகு அவளே சொன்னாள். குழந்தைக்கு இரண்டு வயசு. கணவன் கொத்தனார், வேலை நடக்கிற கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். கைப்பிடி வைக்காத படியிலிருந்து குழந்தை குப்புற விழுந்தது. மோவாய் கிழிந்து ரத்தம். பக்கத்தில் இருந்த டாக்டரிடம் ஓடி இரண்டு தையல் போட்டார்கள். காயம் ஆறியது. எல்லாரும் காயத்தைப் பார்த்தார்களே தவிர, காதோரத்தை யாரும் பார்க்கவில்லை. வருஷம் போகப் போக வாய் சிறுத்துக்கொண்டே வந்தது. “பல்லு மொளைக்கிற கோளாறு, தானா சரியாயிடும்னாங்க.” சரியாகவில்லை. நான் பார்த்தபோது இரண்டு பல் வரிசைக்கும் நடுவே விரல் நகம் நுழையாது. விழுந்துபோன ஒரு பால் பல்லின் சந்துதான் அந்தப் பெண்ணின் சமையற்கட்டு வாசல். கூழ், கஞ்சி, பால், தண்ணீர் விட்டுக் கரைத்த இட்லி எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான். பிசைந்த சோற்றைக் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு விரலால் பல்லில் அழுத்தி அழுத்தி உறிஞ்சத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தது குழந்தை.

“சோறு போனாப் போவுதுங்க. ராத்திரிதான் பயமா இருக்கு. கொறட்டை விடும். திடீர்னு மூச்சு நின்னுடும். நான் தட்டி எழுப்புவேன். நான் தூங்கி நாலு வருசம் ஆவுதுங்க.”

அன்று முதல் இந்தத் தாடைக் கீலின் சரித்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் காலேஜைப் பாதியில் விட்டவன், வைத்தியம் அறியேன். ஆனாலும் படிக்கத் தெரியும், டாக்டர் நண்பர்களைத் தொல்லை செய்யத் தெரியும். அப்படிக் கிடைத்ததை வாசகர்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஆள்காட்டி விரலைக் காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தின் மேல் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்குக் கீழே ஓர் உருண்டை முன்னும் பின்னும் நழுவுகிறதல்லவா? அதுதான் தாடைக் கீல். உடம்பிலே இதற்கு ஈடான கீல் இல்லை. முழங்கை மடங்கும், தோள் சுழலும். இதுவோ முதலில் கதவுக் கீல் போலச் சுழலுகிறது, பிறகு மேஜை இழுப்பறை போல முன்னுக்கு நழுவுகிறது. அதுவும் வலமும் இடமும் ஒன்றாகச் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கமும் நின்றதுதான். ஆரோக்கியமானவர் தம்முடைய மூன்று விரல்களை அடுக்கிப் பல் வரிசைகளுக்கு நடுவே நுழைக்கலாம்.

இந்தக் கீல் பூட்டிக்கொள்வதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று அடி, மற்றொன்று காதில் சீழ். மோவாய் தரையில் மோதினால் அந்த வேகம் தாடை வழியாக ஓடிக் காதோரத்து உருண்டையில் போய் முடிகிறது. பெரியவர்களுக்கு அந்த உருண்டையின் கழுத்து ஒடியும். சிறு குழந்தைகளுக்கோ அந்த உருண்டை மெல்லிய ஓடும் உள்ளே நிறைய ரத்தமுமாக இருப்பதனால் நசுங்கிச் சிதறுகிறது. கீலுக்குள் ரத்தம் கட்டுகிறது. வலிக்குப் பயந்து குழந்தை வாயை அசைப்பதில்லை. அசையாத இடத்தில் ரத்தக்கட்டி நாராகிறது, நார் எலும்பாகிறது. ஒரு நாள் தாடையும் மண்டையோடும் ஒரே எலும்பாகிவிடுகின்றன. காதுச் சீழ் விஷயமும் இதேதான். நடுக் காதுக்கும் இந்தக் கீலுக்கும் இடையே இருப்பது மெல்லிய சுவர். கவனியாமல் விட்ட சீழ் அந்தச் சுவரைத் தாண்டிவிடுகிறது.

விபரீதம் இதோடு நிற்பதில்லை. கீழ்த்தாடை வளருவதில் அந்த உருண்டைக்குப் பெரும் பங்கு உண்டு. அது போனால் மோவாய் குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் மோவாய் அந்தப் பக்கமாகக் கோணிக்கொள்ளும். இரு பக்கமும் என்றால் பட்சியின் முகம் போல் உள்ளே போய்விடும். தாடை பின்வாங்கினால் நாக்கும் பின்வாங்குகிறது. நாக்கு பின்வாங்கினால் மூச்சுக்கு வழி குறுகுகிறது. அந்தத் தாய் நான்கு வருஷம் தூங்காததற்குக் காரணம் இதுதான்.

பழவந்தாங்கல் ஸ்டேஷன் வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே இறங்கினால் நங்கநல்லூர். நங்கநல்லூரில் 32 அடி உயரத்தில் ஆஞ்சநேயர் நிற்கிறார். “வேண்டிக்கிட்டு இருக்கேன் சார். இதுக்கு வாய் தொறந்துச்சுன்னா வடைமாலை சாத்தி, அந்த வடையை இது கடிச்சுத் தின்னணும்” என்றாள்.

அவளுக்குத் தெரிந்து சொன்னாளோ, தெரியாமல் சொன்னாளோ! ‘ஹனு’ என்றால் வடமொழியில் தாடை. சூரியனைப் பழமென்று நினைத்துப் பறிக்கப் பாய்ந்த குழந்தையை இந்திரன் வஜ்ராயுதத்தால் அடித்தான். குழந்தை மலைமேல் விழுந்து தாடை உடைந்தது. அதனால் அனுமன் என்று பேர் வந்தது. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். தகப்பனான வாயு பகவான் கோபித்துக்கொண்டு குழந்தையோடு குகைக்குள் போய்விட்டான். உலகமெங்கும் மூச்சு நின்றது. தேவர்கள் ஓடி வந்து குழந்தையைத் தேற்றிய பிறகே காற்று திரும்பியது. கீழே விழுந்த குழந்தை, உடைந்த தாடை, நின்றுபோன மூச்சு! இந்த மூன்றையும் ஒரே கதையில் முடிந்து வைத்தவன் யாரோ, அவன் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

புராணம் இருக்கட்டும், வைத்திய சாஸ்திரத்துக்கு வருவோம். தாடை நழுவினால் ஒற்றடம் கொடுத்துப் பொருத்தி, ‘பஞ்சாங்கி’ என்னும் ஐந்து வால் கட்டுப் போடச் சொல்லுகிறார் சுசுருதர். கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலும் நழுவிய தாடையைத் திரும்ப ஏற்றும் முறை இருக்கிறது. ஆனால் அவை நழுவிய தாடைக்கு வைத்தியம். எலும்போடு எலும்பாக ஒட்டிப்போன தாடைக்குக் கத்தியும் ரம்பமும் வேண்டும். அதற்கு மனுஷனுக்குத் தைரியம் வர வெகு காலம் ஆயிற்று.

அந்தத் தைரியம் முதலில் வந்தது தாடையில் அல்ல, இடுப்பில். 1826-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ரே பார்ட்டன் என்ற சர்ஜன், இடுப்பு மூட்டு ஒட்டிப்போன ஒரு மாலுமியின் தொடை எலும்பை மூட்டுக்குக் கீழே ரம்பத்தால் அறுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். ஏழே நிமிஷத்தில் முடித்தார் என்கிறார்கள். ஆச்சரியம் அறுத்ததில் இல்லை; அறுத்த பிறகு அவர் செய்ததில் இருக்கிறது. உடைந்த எலும்பை அசையாமல் கட்டினால் ஒட்டும் என்பது ஊரறிந்த விஷயம். அப்படியானால் அசைத்துக்கொண்டே இருந்தால் ஒட்டாதல்லவா? பார்ட்டன் சில வாரம் பொறுத்திருந்து, பிறகு அந்தக் காலை அசைக்கத் தொடங்கினார். அறுத்த இடம் புது மூட்டாயிற்று. இன்று வரை நடக்கிற தாடை ரண சிகிச்சை அத்தனைக்கும் மூலமந்திரம் இதுதான்: கத்தி பாதி, அசைவு பாதி.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் வந்தது. மறு வருஷமே குளோரோபாரம் வந்தது. நோயாளி அலறாத தைரியத்தில் சர்ஜன்கள் தாடைப் பக்கம் திரும்பினார்கள். 1850-களில் ஜெர்மனியில் எஸ்மார்ச், ஒட்டிய கீலைத் தொடாமல், அதற்கு முன்னால் தாடையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துப் பொய் மூட்டு உண்டாக்கினார். அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஹம்ப்ரி அந்த உருண்டையையே வெட்டி எடுத்தார். வாய் திறந்தது, சபாஷ் என்றார்கள். ஆனால் பல பேருக்கு, வெட்டிய இடம் மறுபடியும் எலும்பாகி வாய் மூடிக்கொண்டது. இரண்டு எலும்பு முனைகளை வெறுமே எதிரெதிரே விட்டால், பிரிந்த பங்காளிகள் கலியாண வீட்டில் கூடிக்கொள்வது போல் கூடிக்கொண்டுவிடுகின்றன.

அப்படியானால் நடுவே யாராவது உட்கார வேண்டும். 1860-ஐ ஒட்டிப் பாரிசில் வெர்னோய் இந்த யோசனையைச் சொன்னார்: எலும்புகளுக்கு நடுவே தசையையோ சவ்வையோ வையுங்கள். அமெரிக்காவில் சிகாகோ ஜான் மர்பி, நெற்றிப்பொட்டுக்கு மேலே உள்ள சவ்வையும் கொழுப்பையும் மடித்து இறக்கிக் கீலுக்குள் வைத்து, 1914-இல் அதைப் பற்றி எழுதினார். பின்னால் வந்தவர்கள் தோல் வைத்தார்கள், உலோகம் வைத்தார்கள், ரப்பர் போன்ற சிலிக்கோன் வைத்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் பெரியவர்களின் தாடைக் கீலில் டெப்லான் கலந்த ஒரு பொருளை வைத்தார்கள். அது தேய்ந்து பொடியாகி, பக்கத்து எலும்பையே அரித்துத் தின்றது. 1990-ஐ ஒட்டி அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சொந்த உடம்பின் சதையைப் போல நம்பகமான அண்டை வீட்டுக்காரன் வேறில்லை என்று சர்ஜன்கள் மறுபடி தெரிந்துகொண்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நம்முடைய தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி என்றால் நமக்கு ஐடா ஸ்கடர் அம்மையார் நினைவு வரும். குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திய பால் பிராண்ட் நினைவு வரும். அதே ஆஸ்பத்திரியில் பணி செய்த ரிச்சர்ட் டோபேஸியன் என்ற அமெரிக்கப் பல் ரண சிகிச்சையாளரை நம்மில் பலர் அறிய மாட்டோம். தாடைக் கீல் பூட்டிப்போன 44 பேருக்கு அது ஏன் நேர்ந்தது என்று ஆராய்ந்து அவர் 1964-இல் எழுதினார். 1966-இல் இன்னொரு கட்டுரை: வெறும் இடைவெளி விட்டு வெட்டியவர்களையும், இடையே சதை முதலியன வைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வெறும் இடைவெளி விட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தாடை மறுபடியும் ஒட்டிக்கொண்டதென்று கண்டார். உலகத்தில் எங்கே யார் இந்த நோயைப் பற்றி எழுதினாலும் இந்த இரண்டு கட்டுரைகளும் இன்றும் மேற்கோளாக வருகின்றன.

பெரியவர்களுக்கு இடைவெளியும் அதில் ஒரு திரையும் போதும். குழந்தைக்கு அது போதாது. குழந்தையின் தாடை இனிமேல்தான் வளர வேண்டும். வெட்டி எறிந்த உருண்டைக்குப் பதிலாக வளரக்கூடிய ஒன்றை வைத்தாக வேண்டும். உடம்பில் அப்படி எது இருக்கிறது?

இருக்கிறது; விலாவில். விலா எலும்பு நெஞ்சின் முன்பக்கத்தில் குருத்தெலும்பாக முடிகிறது. பாதி எலும்பும் பாதி குருத்துமாக அந்தத் துண்டை எடுத்துத் திருப்பி வைத்தால், குருத்துப் பக்கம் கீலுக்கு உருண்டையாகிறது. எலும்புப் பக்கத்தைத் தாடையோடு திருகாணி போட்டு முடுக்கலாம். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் செய்து கொடுத்தாரே ஹெரால்டு கில்லீஸ், அவர் 1920-லேயே இதைத் தொட்டுவிட்டார். குருத்து குழந்தையோடு கூட வளரும். ஆனால் அது சொன்ன பேச்சைக் கேட்டு வளரும் என்று நம்ப முடியாது. சில குழந்தைகளுக்கு அளவுக்கு மேல் வளர்ந்து தாடையை மறுபக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. இரவல் வாங்கிய எலும்பு வீட்டு மாப்பிள்ளை மாதிரி. இருந்தாலும் கஷ்டம், இல்லாவிட்டாலும் கஷ்டம்.

விலா எலும்பு என்றதும் எனக்கு எங்கள் ஊர் சானடோரியம் ஞாபகம் வருகிறது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் க்ஷயரோக விடுதி நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் கூட அங்கே சில காலம் இருந்தார். அந்த டாக்டர் தாய்நாடு திரும்பி, 1928-இல் தாம்பரத்துக் காட்டிலே 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அதை அரசாங்கம் ஏற்றது. க்ஷயத்துக்கு மருந்து வராத அந்த நாட்களில், உலகெங்கும் பல விலா எலும்புகளை எடுத்து, நுரையீரலை அமுக்கி அதற்கு ஓய்வு கொடுக்கும் ரண சிகிச்சை இருந்தது. ஒரு தலைமுறை, மூச்சைக் காப்பாற்ற விலாவை எடுத்து எறிந்தது. அடுத்த தலைமுறை, குழந்தையின் மூச்சைக் காப்பாற்ற அதே விலாவை எடுத்துத் தாடையில் வைக்கிறது. எலும்பு ஒன்றுதான், காலந்தான் வேறு.

இதிலே சர்ஜனைவிட அதிகமாக வியர்த்துப்போகிறவர் ஒருவர் உண்டு: மயக்க மருந்து டாக்டர். சாதாரணமாக நோயாளியை மயக்கி, வாயைத் திறந்து, கண்ணால் பார்த்து மூச்சுக்குழாயில் ரப்பர்க் குழாயை இறக்குவார்கள். திறக்காத வாய்க்கு என்ன செய்வது? மயக்கினால் நாக்கு பின்னால் விழும், மூச்சு நிற்கும், வாயைத் திறக்க வழியில்லை. வெகு காலம் மூக்கு வழியாகக் குழாயை விட்டு, மூச்சுச் சத்தத்தைக் காதால் கேட்டுக் குருட்டாம்போக்கில் இறக்கினார்கள். முடியாவிட்டால் கழுத்தில் துளை. 1963-இல் நைஜீரியாவில் பணி புரிந்த வாட்டர்ஸ் என்பவர் தலைகீழாக யோசித்தார். கழுத்தின் முன்புறம் ஊசி குத்தி, மெல்லிய குழல் ஒன்றை உள்ளிருந்து மேலே ஏற்றி மூக்கு வழியாக எடுத்து, அதையே வழிகாட்டியாக வைத்துப் பெரிய குழாயைக் கீழே இறக்கினார். 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் மர்பி (சிகாகோ மர்பி வேறு, இவர் வேறு) பித்தநாளத்தைப் பார்க்கச் செய்த வளையும் கண்ணாடி இழைக் கருவியை மூக்கு வழியே விட்டு, உள்ளே பார்த்துக்கொண்டே குழாயை இறக்கினார். மூட்டுகள் இறுகிப்போன ஒரு நோயாளிக்குத்தான் அவர் அப்படிச் செய்தார். இன்று குழந்தைகளுக்கேற்ற மெல்லிய கருவிகள் வந்துவிட்டன.

சர்ஜனுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. முகத்தை அசைக்கிற நரம்பு இந்தக் கீலுக்கு மேலே ஓடுகிறது. அதன் ஒரு கிளை காதுத் துளை எலும்பிலிருந்து 8 முதல் 35 மில்லிமீட்டர் தூரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் கடக்கலாம் என்று 1979-இல் அளந்து சொன்னார்கள். அது அறுந்தால் நெற்றி சுருங்காது, கண் சரியாக மூடாது. உட்புறத்தில் பெரிய ரத்தக்குழாய். மேலே மூளையின் தளம்.

1990-இல் சான் பிரான்சிஸ்கோவில் பணி புரிந்த லியோனர்ட் கேபனும் அவருடைய கூட்டாளிகளும் இவ்வளவு காலத்து அனுபவத்தையும் ஏழு படிகளாக வகுத்தார்கள். ஒட்டிய எலும்பை மிச்சமின்றி எடு, தாடையை இழுத்துப் பிடிக்கும் முன் முனையையும் எடு, வேண்டுமானால் மறுபக்கத்திலும் எடு, சதைத் திரை போடு, விலாவைப் பொருத்து, திருகாணியால் இறுக்கு, சீக்கிரமே அசைக்கத் தொடங்கு. மேஜையிலேயே வாய் 35 மில்லிமீட்டராவது திறந்ததா என்று அளந்து பார்க்காமல் தையல் போடக்கூடாது. இதற்கிடையே வேறொரு வழியும் பிறந்தது. சைபீரியாவின் குர்கான் ஊரில் இலிசரோவ் என்ற டாக்டர், அறுத்த எலும்பை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெள்ளப் பிரித்தால் நடுவே புது எலும்பு வளர்கிறது என்று கண்டிருந்தார். 1992-இல் நியூயார்க்கின் ஜோசப் மக்கார்த்தி அதைக் குழந்தைகளின் கீழ்த்தாடையில் செய்து காட்டினார். மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு, முதலில் இப்படித் தாடையை நீட்டி மூச்சு வழியைத் திறந்துவிட்டு, பிறகு கீலைப் பிரிக்கிற வழக்கம் இந்தியாவிலும் வந்திருக்கிறது.

சென்னையில் 1953-இல், மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத்தான் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி தொடங்கியது. இன்று பள்ளிக்கரணையிலும், வண்டலூரை அடுத்த இரத்தினமங்கலத்திலும், காட்டாங்குளத்தூரிலும் பல் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. தேனாம்பேட்டையில் முகச் சீரமைப்புச் செய்யும் எஸ்.எம். பாலாஜி, மறுபடியும் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும் தாடைகளுக்குப் பொட்டுத் தசையைப் பொருத்தும் முறையைப் பற்றி 2003-இல் ஒரு சர்வதேசப் பத்திரிகையில் எழுதினார். ரயிலில் போய்வருகிற தூரத்தில் வைத்தியம் இருக்கிறது. அப்படியும் ஒரு கொத்தனார் மகள் ஐந்து வருஷம் கஞ்சி குடித்தாள். தூரம் எப்போதும் மைலில் மட்டும் இருப்பதில்லை.

அந்தப் பெண்ணுக்கு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரண சிகிச்சை ஆயிற்று. நான் செய்தது அதிகமில்லை. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் ஒரு முறை கூட்டிப்போனேன். அடுத்த முறை அவர்களை ரயிலில் சந்தித்தபோது சிகிச்சையாகி ஒரு மாசம். காதோரம் மெல்லிய தழும்பு. விலாவில் ஒரு கட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் தாயின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். மடியில் ஐஸ் குச்சிக் கட்டு ஒன்று வைத்திருந்தாள்.

“ஆ காட்டு, கண்ணு.”

குழந்தையின் கண்ணில் அதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது. தாய் பத்துக் குச்சிகளை அடுக்காகப் பல்லுக்கு நடுவே செருகினாள். அப்புறம் பதினோராவதை மெள்ள நடுவில் சொருகினாள். குழந்தை துடித்தது. பன்னிரண்டாவது. எதிரே இருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல், “என்னம்மா இது, பெற்ற தாயா நீ? குழந்தையை இப்படி வதைக்கிறியே!” என்று அதட்டினார். தாய் பதில் பேசவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. நூறு வரை எண்ணிக் குச்சியை எடுத்தாள். பிறகு முந்தானையால் குழந்தையின் முகத்தையும் தன் முகத்தையும் துடைத்தாள்.

“ஒரு நாளைக்கு ஆறு தபா செய்யணும்னாங்க, சார். ஒரு வருசம். விட்டா மறுபடி பூட்டிக்குமாம். போன வாரம் எங்க மாமியா செத்துப்போயிட்டாங்க. நாலு நாள் செய்யல. பதினொண்ணு போய்க்கிட்டு இருந்தது ஒம்போதுக்கு வந்துடுச்சு.”

பார்ட்டன் 1826-இல் கண்டுபிடித்ததை இவள் கூடுவாஞ்சேரியில் ஒரு கட்டு ஐஸ் குச்சியோடு செய்துகொண்டிருந்தாள். சர்ஜனுக்கு வேலை சில மணி நேரம். இவளுக்கு ஒரு வருஷம், தினம் ஆறு வேளை, அதுவும் தன் குழந்தையை அழ வைத்து. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஹைஸ்டர் என்ற பழைய ஜெர்மன் சர்ஜனின் பெயரால் வழங்கும் திருகுக் கருவி இருக்கிறது. திருகினால் வாய் விரியும். ஆனால் கருவிக்கு மனசு கிடையாது. அதனால் அதற்குச் சிரமமும் கிடையாது. மறுபடி ஒட்டிப்போன தாடைகளைப் பற்றிக் கேட்டபோது என் டாக்டர் நண்பர் சொன்னார்: “நாங்கள் எலும்பை மிச்சம் வைத்துவிட்டால் ஒட்டும். இல்லையென்றால், அம்மாவுக்கு மனசு இளகிவிட்டால் ஒட்டும்.” இளகாத மனசைக் கல் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெரியவருக்கு நான் இதை எடுத்துச் சொல்ல முயன்றேன். அவருக்கு மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டியிருந்தது; பாதியில் இறங்கிப்போய்விட்டார். இன்றைக்கும் அந்தத் தாயைக் கொடுமைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஒன்றரை வருஷம் கழித்து, போன மார்கழியில், பழவந்தாங்கலில் அவர்கள் இருவரும் நான் இருந்த பெட்டியில் ஏறினார்கள். நெற்றியில் செந்தூரம். மோவாய் இன்னும் சிறிசுதான். வளர்ந்த பிறகு அதற்கு வேறொரு சிகிச்சை உண்டு என்று சொல்லியிருக்கிறார்களாம். ராத்திரிக் குறட்டை குறைந்துவிட்டதாம். “நானும் தூங்கறேன் சார்” என்றாள் தாய்.

பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு வடையை நீட்டினாள். ஆஞ்சநேயர் கோவில் வடை உங்களுக்குத் தெரியும். மிளகு போட்டு, தட்டை போல் மொறுமொறுவென்று, நல்ல பல் இருக்கிறவனையே பரீட்சை செய்கிற வடை. நான் கடிக்கத் தயங்கினேன். அவள் தயங்கவில்லை. தன் வடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ‘நொறுக்’கென்று ஒரு சத்தம். வடையில் ஒரு பக்கம் கோணலாக ஓர் அரை வட்டம் காணாமற்போயிருந்தது.

“காரம்” என்றாள். வார்த்தை தெளிவாகக் கேட்டது.

தாய் அந்த வடையைப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. குச்சி எண்ணுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.